பனிப்புயலும் ஒரு மர அளவுகோலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான் நாம் அறிந்த பனி. வெயில் ஏறியதும் அது மறைந்துவிடும். ஆனால் வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி, கூரையையும் சாலையையும் மூடி, வீட்டுக் கதவைத் திறக்க முடியாதபடி குவியும் பனியும் உலகில் உண்டு. தமிழில் இரண்டையும் பனி என்றே சொல்கிறோம். குழப்பம் நேராதிருக்க, இக்கட்டுரையில் வானிலிருந்து விழுவதை வெண்பனி என்று குறிப்பிடுகிறேன்.

வெண்பனிப் புயல் ஒன்று உருவாவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இரவும் பகலும் அதைக் கவனித்து வரும் மனிதர்கள் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல்லாயிரவர் இருக்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் வானிலைத் துறை ஊழியர்கள் அல்லர். ஆசிரியர், தச்சர், விவசாயி, கடைக்காரர் என்று பல தொழில் செய்வோர். யாரும் சம்பளம் தராமலே புயலின் பாதையை ஆராய்கிறார்கள். விடியற்காலையில் எழுந்து பனியை அளந்து எழுதுகிறார்கள். விஞ்ஞானம் பயிலும் நாம் இவர்களிடம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அதை எழுத என்னைத் தூண்டியது, செய்முறை வகுப்பில் நான் செய்த ஒரு தவறு. அதைக் கட்டுரையின் முடிவில் மறைக்காமல் சொல்கிறேன்.

மலை செய்யும் மாயம்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நீண்டு கிடப்பது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த இடம் வட கரோலினா மாநிலத்தில் உள்ள மிட்செல் சிகரம். உயரம் 2,037 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட 600 மீட்டர் குறைவுதான். ஆனால் அது நிலநடுக்கோட்டிலிருந்து வெகுதொலைவு வடக்கே இருப்பதால் அங்குக் குளிர்காலம் கடுமையானது.

மலை ஒரு புயலை மூன்று வழிகளில் மாற்றுகிறது. முதலாவது உயரம். சராசரியாக ஒரு கிலோமீட்டர் மேலே சென்றால் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்று படித்திருக்கிறோம். மிட்செல் சிகரத்துக்கு அருகிலுள்ள ஆஷ்வில் நகரம் சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1,390 மீட்டர். அதாவது 9 டிகிரி. ஆஷ்வில்லில் 5 டிகிரி வெப்பநிலையில் மழை பெய்யும்போது சிகரத்தில் மைனஸ் 4 டிகிரி இருக்கும். ஒரே நேரத்தில் கீழே மழை, மேலே வெண்பனி!

இரண்டாவது, ஏற்றம். வீசும் காற்று மலைச்சரிவில் மோதினால் அது மேலேறித்தான் ஆகவேண்டும். ஏறும்போது அழுத்தம் குறைந்து காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, அதிலுள்ள நீராவி மேகமாகிப் பனியாகப் பொழிகிறது. அதனால்தான் சமவெளியில் சிறிதளவே பொழியும் புயலும் மலைச்சரிவில் அள்ளிக் கொட்டுகிறது.

மூன்றாவது, அணை. வடகிழக்கிலிருந்து வரும் குளிர்காற்று அடர்த்தி மிக்கது. மலையைத் தாண்டும் வலிமையின்றி, அணைக்கட்டில் தேங்கும் நீர்போல மலையின் கிழக்கு அடிவாரத்தில் தேங்கி நிற்கும். அதன்மேல் கடலிலிருந்து வரும் வெப்பக்காற்று வழுக்கிக்கொண்டு ஏறும். மேலிருந்து விழும் பனித்துகள் இடையிலுள்ள வெப்பக்காற்றில் உருகி மழைத்துளியாகி, கீழுள்ள குளிர்காற்றைக் கடந்து, மரக்கிளையையும் மின்கம்பியையும் தொட்டவுடன் கண்ணாடிபோல் உறைந்துவிடும். இந்த உறைமழையின் பாரத்தால் மரங்கள் முறிந்து ஊர்கள் இருளில் மூழ்குவதுண்டு.

எனவே மலையடிவாரத்தில் வாழும் ஆர்வலருக்குப் புயல் வருமா என்பது மட்டும் கேள்வியன்று. விழப்போவது மழையா, வெண்பனியா, உறைமழையா என்பதே பெரிய கேள்வி. ஒரு டிகிரி வேறுபாட்டில் விடை மாறிவிடும்.

தோற்ற கணக்கும் வென்ற கணக்கும்

வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்று முதலில் துணிந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரிச்சர்ட்சன். இயக்க விதிகளையும் வாயு விதிகளையும் கொண்டு, 1910-ஆம் ஆண்டு மே மாதம் 20-ஆம் நாளுக்குரிய காற்றழுத்த மாற்றத்தைக் கையாலேயே கணக்கிட்டார். ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை. மாபெரும் தோல்வி! ஆனால் அவர் அந்தத் தாளைக் கிழித்தெறியவில்லை. 1922-இல் வெளியிட்ட தம் நூலில் தவறான விடையையும் அதற்கு அவர் பயன்படுத்திய அளவுகளையும் அப்படியே அச்சிட்டார். பிற்காலத்தவர் அந்த அளவுகளை எடுத்து ஆராய்ந்தபோது, முறையில் பழுதில்லை என்றும், தொடக்க அளவுகள் ஒன்றோடொன்று சீராகப் பொருந்தாமையே பிழைக்குக் காரணம் என்றும் கண்டனர். 1950-இல் எனியாக் என்னும் கணிப்பொறியில் வானிலைக் கணக்குகள் வெற்றிகரமாகப் போடப்பட்டன. ரிச்சர்ட்சன் அதைக் காணும்வரை உயிரோடிருந்தார் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி.

அந்தக் கணக்கு முறை மக்கள் கண்முன் வென்ற நாள் 1993-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வந்தது. மெக்சிகோ வளைகுடாவில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி, அமெரிக்காவின் கிழக்குக் கரை முழுவதையும் தாக்கப்போகிறது என்று வானிலைத் துறையினர் ஐந்து நாட்களுக்கு முன்பே அறிவித்தனர். அப்போது அந்தப் புயல் பிறக்கவே இல்லை! வசந்தம் வாசலில் நிற்கும் மாதத்தில் இப்படி ஓர் எச்சரிக்கை. ஆயினும் சில மாநில ஆளுநர்கள் முதல் பனித்துகள் விழுமுன்னரே நெருக்கடி நிலையை அறிவித்தனர்.

துருவத்துப் பக்கமிருந்து வந்த மேல்வானக் காற்றோட்டமும், வெப்ப மண்டலத்தின் ஓரமாக ஓடிய மற்றொரு காற்றோட்டமும் ஒன்று சேர்ந்ததே அப்புயலின் வலிமைக்குக் காரணம். வளைகுடாவின் ஈரக்காற்று மேலேறிக் குளிர்ந்தபோது வெளிப்பட்ட உள்ளுறை வெப்பம் அதற்கு மேலும் வேகமூட்டியது. மார்ச்சு 12 முதல் 14 வரை வீசிய புயலின் மையத்தில் அழுத்தம் 960 மில்லிபார் அளவுக்கு இறங்கியது. மிட்செல் சிகரத்தில் 50 அங்குலம், டென்னசி மாநிலத்து லெ காண்ட் சிகரத்தில் 56 அங்குலம் வெண்பனி பதிவாயிற்று. வெண்பனியை அரிதாகவே காணும் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காமில் 13 அங்குலம். கிழக்குக் கரையின் பெரிய விமான நிலையங்கள் அனைத்தும் ஏதாவதொரு வேளையில் மூடப்பட்டன. 270-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஐந்து நாள் எச்சரிக்கை இல்லாதிருந்தால் இந்த எண்ணிக்கை எவ்வளவு கூடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்கு முழுவதும் வென்றது என்றும் சொல்வதற்கில்லை. வளைகுடாவிலேயே புயல் இவ்வளவு வேகமாக வலுப்பெறும் என்பதைக் கணிப்பொறி சரியாகக் காட்டவில்லை. புளோரிடாவின் கரையில் 12 அடி உயரம்வரை கடல்நீர் புகுந்தது. அங்கு மக்கள் போதிய எச்சரிக்கையின்றிச் சிக்கினர்.

ஆர்வலர்களின் இரவுகள்

இன்று ஒரு புயல் வரும் அறிகுறி தென்பட்டால் ஆர்வலர்கள் என்ன செய்கிறார்கள்? அமெரிக்கக் கணிப்பொறிக் கணக்கு நாளொன்றுக்கு நான்கு முறை புதிதாகப் போடப்படுகிறது. ஐரோப்பிய நிலையத்தின் கணக்கும் வெளிவருகிறது. நள்ளிரவானாலும் விழித்திருந்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஐரோப்பிய நிலையம் தொடக்க அளவுகளைச் சற்றே மாற்றி மாற்றி ஒரே புயலுக்கு 51 கணக்குகள் போடுகிறது. ஐம்பத்தொன்றும் ஒரே பாதையைக் காட்டினால் நம்பிக்கை கூடும். ஆளுக்கொரு திசை காட்டினால் பொறுத்திருக்க வேண்டியதுதான்.

அவர்கள் ஆவலோடு தேடும் கோடு ஒன்று உண்டு. 1000 மில்லிபார் அழுத்தமுள்ள மட்டத்துக்கும் 500 மில்லிபார் மட்டத்துக்கும் இடையிலுள்ள உயரம் 5,400 மீட்டராக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு அது. காற்று வெப்பமானால் விரியும். இந்த உயரமும் கூடும். குளிர்ந்தால் உயரம் குறையும். நாம் படித்த வாயுச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால், 5,400 மீட்டர் என்பது அந்தக் காற்றுத் தூணின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரி என்பதைக் குறிக்கும். தாழ்நிலங்களில் இக்கோட்டுக்கு வடக்கே வெண்பனியும் தெற்கே மழையும் பெய்யும் என்பது ஒரு தோராய விதி. பாடப்புத்தகத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த சமன்பாடு, எங்கோ ஒரு மலையூரில் ஒருவரை நள்ளிரவில் விழித்திருக்கச் செய்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு வியப்பாயிருந்தது.

இங்கேதான் ஓர் ஆபத்தும் காத்திருக்கிறது. ஆர்வலர் புயலை விரும்புகிறார். தம் ஊரில் இரண்டடி பனி விழவேண்டும் என்பது அவர் ஆசை. எனவே நிறையப் பனி காட்டும் கணக்கைக் கண்டால் இதுவே சரி என்பார். குறைவாகக் காட்டும் கணக்கில் ஏதோ கோளாறு என்பார். ஆசை அறிவின் கண்ணை மறைக்கிறது. அவர்களே இதை உணர்ந்து ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வதும் உண்டு.

பலகையும் அளவுகோலும்

ஆனால் பனி விழத் தொடங்கியதும் ஆசைக்கு இடமில்லை. ஒரு மரப்பலகைக்கு வெள்ளை வண்ணம் பூசித் திறந்த வெளியில் வைக்கிறார்கள். வெள்ளை நிறம் வெயிலின் வெப்பத்தை அதிகம் உறிஞ்சாது. பனியில் புதைந்தாலும் இடம் தெரியும்படி அருகில் ஒரு குச்சியை நடுகிறார்கள். பலகைமேல் விழுந்த பனியில் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்குவரை துல்லியமாகக் குறிக்கிறார்கள். பிறகு பலகையைத் துடைத்து வைக்கிறார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக்கூடாது என்பது விதி. ஏனெனில் பனி தன் எடையாலேயே அமுங்கும். மணிக்கொருமுறை அளந்து துடைத்துக் கூட்டினால், அமுங்குவதற்கு நேரமில்லாமல் மொத்தம் பொய்யாகக் கூடிவிடும்.

அடுத்து, பனிக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்று காணவேண்டும். மழைமானியின் புனலையும் உட்குழாயையும் குளிர்காலத்தில் எடுத்துவிட்டு, வெளி உருளையில் பனியைப் பிடிக்கிறார்கள். அளந்த வெந்நீரை அதில் ஊற்றி உருக்கி, மொத்த நீரை அளந்து, ஊற்றிய வெந்நீரைக் கழித்துவிடுகிறார்கள். பத்து அங்குலப் பனிக்கு ஓர் அங்குல நீர் என்பது தோராயக் கணக்கு. ஈரப்பனியில் நீர் கூடும், உலர்பனியில் குறையும். இந்த அளவு ஏன் தேவை? 50 அங்குலப் பனி என்பது 127 சென்டிமீட்டர். தோராயக் கணக்குப்படி 127 மில்லிமீட்டர் நீர். ஒரு சதுர மீட்டருக்கு 127 கிலோகிராம் எடை. நூறு சதுர மீட்டர்த் தட்டைக் கூரையின்மேல் 12,700 கிலோகிராம்! அந்தக் கூரையின்கீழ் உறங்குவோருக்கும், பனி உருகும்போது ஆற்றங்கரையில் இருப்போருக்கும் இந்த எண் உயிர் காக்கும் எண்ணாகும்.

அளவில் பிழை நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கு 2016-ஆம் ஆண்டு சனவரிப் புயல் ஓர் எடுத்துக்காட்டு. அப்புயலில் மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதிச் சிற்றூர் ஒன்றில் 42 அங்குலம் விழுந்தது. தலைநகர் வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்திலோ 17.8 அங்குலம் என்று எழுதப்பட்டது. சுற்றுப்புறங்களில் மிகுதியாக அளந்திருந்த ஆர்வலர்கள் ஐயம் எழுப்பினர். விசாரித்தபோது, அங்கு அளவுப் பலகையே பனிக்குள் புதைந்து காணாமற் போயிருந்தது தெரியவந்தது. வானிலைத் துறை நிபுணர் குழு ஒன்றை அமைத்துப் பல நிலையங்களின் அளவுகளை ஆராய்ந்தது. நியூயார்க் நகரின் நடுப்பூங்காவில் 26.8 என்று அறிவிக்கப்பட்டது 27.5 என்று திருத்தப்பட்டது. 2006-இல் விழுந்த 26.9 அங்குலமே அதுவரை அங்குச் சாதனை. ஓர் அங்குலத்துக்கும் குறைவான திருத்தம் நகரத்தின் வரலாற்றையே மாற்றிவிட்டது.

சுழியின் மதிப்பு

அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்த கூட்டுறவு வானிலை நோக்கர் அமைப்பு, பல தலைமுறைகளாகத் தொண்டர்களின் அளவுகளைச் சேர்த்து வருகிறது. 1997-ஆம் ஆண்டு சூலை 28-ஆம் நாள் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரின் ஒரு பக்கத்தில் ஓர் அடிக்கும் மேல் மழை கொட்டி வெள்ளத்தில் ஐவர் மாண்டனர். அதே நகரின் மறுபக்கத்தில் சாதாரண மழைதான். இருக்கும் நிலையங்கள் போதா என்று உணர்ந்து, 1998-இல் அங்குப் பொதுமக்களைக் கொண்டே ஓர் அளவீட்டு அமைப்பைத் தொடங்கினர். இன்று அது ஐம்பது மாநிலங்களிலும் பரவியிருக்கிறது.

இத்தொண்டர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடங்களுள் முக்கியமானது, ஒன்றும் விழாத நாளில் சுழி என்று எழுதவேண்டும் என்பது. பார்க்காமல் விட்ட நாளில் சுழி எழுதக்கூடாது. விடுபட்டது என்று குறிக்கவேண்டும். விழுந்தும் அளக்க முடியாத அளவு சிறிதாயின் அதற்கென்று தனிக் குறியீடு உண்டு. விழவில்லை, பார்க்கவில்லை, அளக்க இயலவில்லை என்ற மூன்றும் வெவ்வேறு உண்மைகள்.

என் தவறு

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முதலாண்டில் தனி ஊசல் சோதனை செய்தேன். புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டிய இடத்தில் எனக்கு 9.4 வந்தது. பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் சரியாக வந்துவிட்டது. 'இவனுக்கு இதெல்லாம் வராது' என்று எண்ணிவிடுவார்களோ என்று அஞ்சினேன். பென்சிலில் எழுதிய நேரங்களை அழித்தேன். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் புதிய நேரங்களை எழுதினேன். 9.79 அழகாக வந்தது.

ஆசிரியர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "ஏம்பா, முதல்ல வந்த ரீடிங் எங்கே?" என்று மட்டும் கேட்டார். தலை குனிந்து நின்றேன். "நீளத்தை எதுவரைக்கும் அளந்தே?" என்றார். குண்டின் கொக்கி வரை அளந்தேன் என்றேன். குண்டின் மையம்வரை அளந்திருக்க வேண்டும். அதனால்தான் விடை குறைந்தது. "பழைய ரீடிங் இருந்திருந்தா அஞ்சு நிமிஷத்துல திருத்தியிருக்கலாம். இப்ப உன் நோட்டுல திருத்த ஒண்ணுமே இல்லையே" என்றார். ரிச்சர்ட்சன் தம் தோல்வியை அச்சிட்டதால் உலகம் பயன்பெற்றது. நான் என் தோல்வியை அழித்ததால் எனக்கே பயனில்லாமல் போயிற்று.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பால் ஊற்றும் கணக்கை அடுப்புக்கரியால் சுவரில் போட்டு வைப்பார். லிட்டருக்கு ஒரு கோடு. மாடு கறக்காத நாளுக்கு ஒரு சுழி. பிறந்தது முதல் பார்த்த சுவர்தான், அன்றுதான் கேட்டேன். "கறக்காத நாளைக்கு எதுக்கும்மா சுழி?"

"அது இல்லேன்னா, மாடு கறக்கலையா, நான் கோடு போட மறந்துட்டேனான்னு எப்படிடா தெரியும்?" என்றார் அம்மா.

மிட்செல் சிகரத்தின் பனியில் அளவுகோலை நிறுத்தும் மனிதரும் என் தாயும் ஒருவரையொருவர் அறியார். இருவரும் செய்வது ஒன்றே. கண்டதைக் கண்டபடி குறிப்பது. காணாததைக் கண்டதாக எழுதாதிருப்பது. கணிப்பொறி எத்தனை கணக்குப் போட்டாலும், அதற்கு ஊட்டப்படும் அளவும், அது சொன்னது சரியா என்று சோதிக்கும் அளவும் இத்தகைய கைகளிலிருந்தும் வருகின்றன.

இவ்வாண்டு என் நோட்டில் அடித்துத் திருத்திய இடங்கள் நிறைய இருக்கின்றன. அழித்த இடம் ஒன்றும் இல்லை. அடித்த எண்ணும் படிக்கத் தெரிகிறது. தோழர்களே, அடுத்த செய்முறை வகுப்பில் விடை தவறி வந்தால் அழிப்பானை எடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள் என்பதே என் வேண்டுகோள்.